மாட்டுக் கொட்டாயில் சுருக்கென்றது

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை வாசலில், முன்பின் தெரியாத இரண்டு வயர்மேன்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்குக் கடையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டு ஃபேனுக்கு ஒரு கண்டென்சர் வாங்கப் போனேன். அவர்கள் எட்டடி எர்த் பைப் ஒன்றை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு மூட்டை கல்லுப்பு, ஒரு மூட்டை அடுப்புக்கரி.

“எந்த ஊர் வேலைப்பா?” என்றேன்.

“ரிஷிவந்தியம் பக்கம் பெரியவரே. மாட்டுக் கொட்டாய்.”

“உப்ப எங்க கொட்டப் போறீங்க?”

“கொட்டாய் செவுத்து ஓரமாத்தான். ஒயர் கம்மியா புடிக்கும் பாருங்க.”

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ. “மாடு இன்னா திங்கும்னு தெரியாதவன்லாம் ஏன்யா மாட்டுக் கொட்டாய்க்கு ஒயர் இழுக்கறீங்க?” என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த இருவரில் மூத்தவர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “திட்டறது இருக்கட்டும் பெரியவரே. காரணத்தச் சொல்லிட்டுத் திட்டுங்க” என்றார்.

நியாயமான பேச்சு. ஆனால் அந்தக் காரணத்தைக் கடை வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதில் குற்றவாளி நான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் சூசை. முப்பத்தைந்து வருஷம் வயரிங் வேலை பார்த்தேன். கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. படித்தேன், ஏழெட்டு முறை ஷாக் வாங்கினேன், லைசன்ஸ் எடுத்தேன், ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். அவருக்கு டவுன் வேலை கம்மி. பம்பு செட்டு, கோழிப் பண்ணை, மாட்டுக் கொட்டாய், இப்படித்தான் வரும். கிழக்கே உளுந்தூர்பேட்டை வரைக்கும், மேற்கே கல்வராயன் மலை உச்சி வரைக்கும் என் ஏணி போயிருக்கிறது.

எர்த் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மோட்டாருக்குள் கம்பி தேய்ந்து, கரண்ட் அதன் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டால், தொடுகிறவன் மேல் பாயாமல் அது மண்ணுக்குள் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். ஆளுயரத்துக்கு மேலே குழி எடுத்து, ஓட்டை போட்ட இரும்புப் பைப்பை நட்டு, சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று நிரப்புவோம். மண் ஈரமாக இருந்தால்தான் வழி திறந்திருக்கும். காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான். வெயில் காலத்தில் பைப் வாய் வழியாகக் குடம் தண்ணீர் ஊற்றவும் வேண்டும்.

இதை எனக்குப் பாடப் புத்தகம் சொல்லிக் கொடுத்ததைவிட மலை நன்றாகச் சொல்லிக் கொடுத்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டுக் கொட்டாய்க்கு வயரிங். குழி எடுக்கலாம் என்று கடப்பாரையைப் போட்டால் ‘ணங்’ என்கிறது. இரண்டு ஜாண் தோண்டினால் பாறை. ஆட்டுக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டே, “கஷ்டப்பட்டு கரண்ட மலமேல கொண்டாந்துட்டு, அத ஏன் மண்ணுல பொதைக்கிறீங்க? மொளைக்குமா?” என்றார். அன்று முழுக்கச் சிரிப்பு. கடைசியில் ஓடைக்கரையில் ஈரமண் பார்த்துக் குழி எடுத்து, அங்கிருந்து கொட்டாய் வரைக்கும் கம்பி இழுத்தோம். அளந்து பார்த்தால் அருமையான எர்த். அன்றிலிருந்து எனக்கு உப்பைவிட ஈரத்தின் மேல்தான் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். ஆனால் கை பழகிய வேலையில் புத்தி எங்கே நிற்கிறது?

எங்கள் சூப்பர்வைசர் ரோஸ்லின் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிப்ளமோ படித்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு வேலை முடிந்தால் அவர்தான் வந்து அளந்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வந்த புதிதில், ‘இந்தப் பொண்ணு வந்து நமக்குச் சொல்றதா’ என்று எனக்குப் புகைச்சல் இருந்தது. மறைப்பானேன்?

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் ‘வாங்க, போங்க’தான். ஒரு தடவை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயி ஒருவரின் பம்பு செட்டு. “எர்த் நல்லா இருக்குது மேடம்” என்றேன்.

“மீட்டர் சொல்லுச்சா, நீங்க சொல்றீங்களா?”

நான் தலையைச் சொறிந்தேன். அளக்கவில்லை. அவர் மதகுச் சுவரில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தார். நான் திரும்பிப் போய் அளந்துவிட்டு வரும்வரை உட்கார்ந்திருந்தார். வந்ததும் பாதித் தயிர்ச் சோற்றை என் பக்கம் தள்ளிவிட்டு, நான் சொன்ன எண்ணை அங்கேயே பேனாவால் எழுதினார். ஆபீசுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. அளந்த இடத்தில் எழுத வேண்டும், அளந்தவர் சொல்ல வேண்டும். அப்புறம் எனக்குப் புகைச்சல் போய், பயம் கலந்த மரியாதை வந்துவிட்டது.

இனி அந்தக் கொட்டாய்.

கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் தங்கவேலு என்று ஒரு விவசாயி. நாலு கறவை மாடு வாங்கிப் புதுக் கொட்டாய் கட்டினார். சிமெண்டுத் தரை, மாடு கட்ட இரும்புக் குழாய்த் தடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு மூலையில் சோளத் தட்டு வெட்டுகிற மிஷின். வயரிங் நான்தான். இரும்பு எதெது இருக்கிறதோ அத்தனையையும் சேர்த்து எர்த்தில் கட்டினேன். அது முறை, சரியான முறை. ஆனால் குழியைக் கொட்டாய்ச் சுவரை ஒட்டி, பகலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டுகிற இடத்தில் எடுத்தேன். கம்பி மிச்சம் பாருங்கள்! உப்பை வேறு தாராளமாக, மேல்மட்டம் வரைக்கும் கொட்டினேன். மேடம் வந்து அளந்தார். நல்ல எண் வந்தது, கையெழுத்துப் போட்டார்.

இருபது நாள் கழித்துத் தங்கவேலுவிடமிருந்து போன். நான் உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டலில் ஏணி மேல் நிற்கிறேன்.

“சூச, மாடுங்க ஒன் குழிய நக்கிக்கினே கெடக்குதுங்கப்பா. மண்ணயே தோண்டித் திங்குதுங்க. ஒண்ணுக்குக் கழிச்சல் வேற. இன்னா பண்றது?”

மாட்டுக்கு உப்பு என்றால் உயிர். அது எனக்குத் தெரியாதா? எங்கப்பா ஆயுசு பூராவும் ஊரார் மாடு மேய்த்தவர். அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க அவசரமாக, “மேல சிமெண்டு பூசிடுங்கண்ணே, தீந்துது” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தங்கவேலு எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. நாலு விரல்கடை கனத்துக்கு, பைப் வாயையும் சேர்த்துப் பூசிவிட்டார். இனித் தண்ணீர் ஊற்ற வழியே இல்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை, மேடத்திடம் சொல்லவும் இல்லை. மறந்தே போனேன்.

மறு வருஷம் வெயில் காலத்தில் தங்கவேலு கூப்பிட்டார். மாடுகள் உதைக்கின்றன, தொட்டியில் வாய் வைக்க மாட்டேன் என்கின்றன, பாலை அடக்கிக்கொள்கின்றன. டாக்டர் வந்து ஊசி போட்டும் கேட்கவில்லை. “கறக்கற பொம்பள காலு சுருக்குங்குதுன்னு ஒரே பாட்டாப் பாடுது. ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ” என்றார்.

கறக்கிறவள் பெயர் செல்வி. நிலம் கிடையாது, புருஷன் இறந்துவிட்டான், ஒரே மகள் பள்ளிக்கூடத்தில். காலையிலும் மாலையிலும் தங்கவேலு வீட்டிலும் இன்னும் இரண்டு வீடுகளிலும் பால் கறந்துதான் ஜீவனம். அந்தப் பக்கத்தில் கறவைக்கு அவள் கை என்றால் ராசியான கை என்று பேர்.

நான் போனது மத்தியானம். மிஷின் ஓடவில்லை, தரை காய்ந்து கிடந்தது. காலில் ரப்பர் செருப்பு. பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தடுப்புக் குழாயில் வைத்தேன், எரியவில்லை. தொட்டிக் குழாயில் வைத்தேன், எரியவில்லை. செல்வி வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நின்றாள். மாடு என்றால் அவளுக்கு லட்சுமி, அது நிற்கிற இடத்துக்குள் செருப்போடு வர மாட்டாள்.

“கறக்கறப்பதாண்ணே. ஈரத்துல குந்திக்கினு இருந்தா கால்ல சுருக் சுருக்குங்குது. முட்டி அந்தக் கொழாயில பட்டா இன்னும் ஜாஸ்தி” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. டெஸ்டர்தான் எரியலியே. ஈரத்துல அவ்ளோ நேரம் குந்தினா காலு மரத்துப் போவும்.”

“மரத்துப் போறது எனக்குத் தெரியாதாண்ணே? இது அது இல்ல.”

தங்கவேலு சிரித்தார். “கேட்டுக்கினியா? வயர்மேனே பாத்துச் சொல்லிட்டாரு.”

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. டெஸ்டருக்குள் இருக்கிற பல்பு எரிய அறுபது எழுபது வோல்ட் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே இருந்தால் அது ஊமை. தெரிந்தும், மத்தியானத்தில், செருப்புக் காலோடு நின்று தீர்ப்புச் சொன்னேன். மேடம் அங்கே இருந்திருந்தால் ‘மீட்டர் சொல்லுச்சா’ என்று கேட்டிருப்பார்.

நான் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னதற்கு அப்புறம் ஊருக்கு வேறு காரணம் தேவைப்பட்டது. டாக்டரும் பார்த்தாயிற்று, கரண்டுக்காரனும் பார்த்தாயிற்று. மாட்டைத் தொடுகிறவள் செல்வி ஒருத்திதான். அவள்தான் ஏதோ மருந்து வைத்துவிட்டாள் என்று யாரோ கிளப்பிவிட, அது பற்றிக்கொண்டது. தங்கவேலு அவளைக் கறவைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தினார், மற்ற இரண்டு வீட்டிலும் அதையே சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அவளும் சரி என்றிருக்கிறாள்.

எனக்கு இது தெரிந்தது வியாழக்கிழமை காலை, கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடையில். “சத்தியம் பண்ணட்டும். அப்பறமும் மாடு ஒதைச்சா, பொய் சத்தியம் பண்ணவன்னு ஊரே துப்பும்” என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மாடு உதைக்கும். நிச்சயமாக உதைக்கும். அப்போதுதான் அந்தப் போன் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. மேல சிமெண்டு பூசிடுங்கண்ணே. குழி ஒரு வருஷமாகத் தண்ணீர் பார்க்கவில்லை. மிஷின் மோட்டாரில் லேசாகக் கசிவு இருந்தாலும் போதும். அது மண்ணுக்குள் போக வழியில்லாமல், நான் முறைப்படி கட்டி வைத்த அத்தனை இரும்பிலும் வந்து நிற்கும்.

ஒரு கள்ளப் புத்தியும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரிக்கு ராத்திரி போய்ச் சிமெண்டை உடைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் என்ன? சத்தியத்துக்கு அப்புறம் மாடு அடங்கிவிடும், அவள் பேரும் பிழைக்கும், என் பேரும் பிழைக்கும். நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. ஆனால் மோட்டார் கசிவு அப்படியே இருக்கும். மறுபடி காய்ந்தால் மறுபடி அவள்தான் மாட்டுவாள். சைக்கிளை மேடம் வீட்டுக்கு விட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு வழக்கமான கேள்வியையே கேட்டார். “லீக்கேஜ் இருக்குதுன்னு மீட்டர் சொல்லுச்சா?”

“இல்ல மேடம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான்தான் கேக்கல.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “சாயங்காலம் எத்தினி மணிக்குக் கறப்பாங்க?” என்று மட்டும் கேட்டு, மீட்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

நாலு மணிக்குப் போனோம். தங்கவேலுவும் ஊர்க்காரர் மூன்று நாலு பேரும் இருந்தார்கள். செல்வியைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார் மேடம். வந்தவள் வாசலிலேயே நின்றாள். முகம் வீங்கியிருந்தது. மேடம் அவளிடம் டாக்டர் மாதிரி கேட்டார்: எந்த இடத்தில், எந்தக் கால், எந்த நேரம், எது நடக்கும்போது?

“தட்டு வெட்டற மிஷினு ஓடறப்பதாங்க. மிஷினு நின்னா நின்னுடுது” என்றாள்.

இதை என்னிடமும் சொல்லியிருப்பாள். நான் கேட்டிருந்தால்.

மேடம் தரையைக் கழுவிவிடச் சொன்னார். மிஷினை ஓட விடச் சொன்னார். மீட்டரின் ஒரு முனையைத் தடுப்புக் குழாயிலும், இன்னொரு முனையை ஈரத்தரையில் வைத்த ஒரு தகட்டிலும் பிடித்தார். பதினொன்று.

“பதினோரு வோல்ட்டா?” என்றார் தங்கவேலு. “அது டார்ச் லைட்டு பேட்டரி மாதிரிங்க. அதுக்கா இம்மாம் பெரிய மாடு ஒதைக்கும்?”

மேடம் என் பக்கம் திரும்பி, “செருப்பக் கழட்டுங்க” என்றார்.

கழற்றினேன். ஈரத்தில் நின்று புறங்கையால் குழாயைத் தொட்டேன். சுருக்கென்றது. உள்ளங்காலில் ஆரம்பித்துக் கெண்டைக்காலுக்கு ஏறியது. இருநூற்று முப்பது வோல்ட்டில் தூக்கி எறியப்பட்டிருக்கிறேன். அதற்கெல்லாம் கூசாத உடம்பு அன்றைக்கு இந்தப் பதினொன்றுக்குக் கூசியது. நிமிர்ந்து செல்வி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இருக்குது மேடம்” என்றேன்.

தங்கவேலுவும் செருப்பை உதறிவிட்டு வந்து தொட்டார். “ஐயையோ!” என்று கையை இழுத்துக்கொண்டார். மேடம் நிதானமாகச் சொன்னார்: “நமக்கே இப்படி. நாலு காலும் ஈரத்துல, மூக்கும் ஈரமா தொட்டியில வெக்கிற மாட்டுக்கு எப்படி இருக்கும்னு பாருங்க.” மிஷினை நிறுத்தச் சொன்னார். ஓரத்தில் நின்ற செவலை மாடு தொட்டியை முகர்ந்தது, பின்வாங்கியது, மறுபடி முகர்ந்தது. பிறகு வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தது.

அப்புறம் நான் சொன்னேன், உப்பையும் போனையும் சிமெண்டையும். “நான் மத்தியானத்துல வந்து, செருப்போட நின்னு, ஒண்ணுமில்லன்னு சொன்னதும் தப்பு” என்றேன். தங்கவேலு என்னைப் பிடித்துக்கொண்டார். “ஒன்ன நம்பித்தானய்யா பூசினேன்! ஒன்ன நம்பித்தான அந்தப் பொம்பளயச் சந்தேகப்பட்டேன்!” என்று கத்தினார். இரண்டாவது பாதி அவருடைய தப்பு, ஆனால் அன்று வாதாடும் யோக்கியதை எனக்கு இல்லை. மேடம் ரிப்போர்ட்டில், ‘குழி மூடப்பட்டதால் எர்த் செயலிழந்தது, மூடச் சொன்னவர் வயர்மேன் சூசை’ என்று அங்கேயே எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். காண்ட்ராக்டர் ஒரு மாதம் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. அது சரிதான்.

தங்கவேலு கொஞ்சம் தணிந்து செல்வியிடம், “சரி வுடு, ஆனது ஆச்சி. கோயிலுக்கெல்லாம் வர வேணாம். நாளைக்கு வேலைக்கு வந்துடு” என்றார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “மாட்டுக்கு வாய் இல்லீங்க, அதனால ஒதைச்சுது” என்றாள். “எனக்கு வாய் இருந்துச்சி, சொன்னேன். மாடு ஒதைச்சதுக்கு டாக்டரு வந்தாரு, வயர்மேன் வந்தாரு. நான் சொன்னதுக்கு இன்னா வந்துச்சி?”

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தங்கவேலுவும் அவர் மனைவியும் அவள் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்ட பிறகுதான் வந்தாள்.

அதற்குள் நான் புதுக் குழி எடுத்திருந்தேன். கொட்டாயை விட்டுத் தள்ளி, மாடு எட்டாத வேலிக்குள், உப்பு ஒரு கல்கூட இல்லாமல், கரியும் களிமண்ணும் போட்டு. தண்ணீர் ஊற்ற மூடியோடு ஒரு செங்கல் தொட்டியும் கட்டினேன். மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கொடுத்து வாங்கிவந்தேன். கசிவு வந்தால் தானே விழுந்துவிடுகிற டிரிப்பர் ஒன்றையும் போட்டேன். உப்பு மூட்டைக்காரத் தம்பிகளே, காரணம் இதுதான். குழியைத் தள்ளி எடுங்கள், உப்பை விட்டுவிடுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு அளவு எடுங்கள். கறக்கிறவர்களைக் கேட்காமல் ரிப்போர்ட் எழுதாதீர்கள்.

கடைசி ஸ்குரூவை முறுக்கிக்கொண்டிருந்தபோது செல்வி உள்ளே வந்தாள். கறவை நேரம். சுவிட்சு போர்டுக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இதுல எதுண்ணே மெயினு?”

“எதுக்கும்மா?”

“இனிமே சுருக்குன்னா, ஒங்களயெல்லாம் கூப்புட்டு, நீங்க வந்து, பாத்து, சிரிச்சிட்டுப் போற வரைக்கும் நான் குந்திக்கினு இருக்க மாட்டேன். எதுன்னு காமி.”

அவள் என்னை ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தடவை. காட்டினேன். அந்தக் கொட்டாயில் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தும் அவள் அந்தப் போர்டைத் தொட்டதில்லை, யாரும் தொட விட்டதில்லை. கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். பிடியைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

லைட் போனது. மிஷின் நின்றது. வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யும் நின்றது.

“இன்னா, கரண்ட் போயிடுச்சா?” என்று வீட்டுக்குள்ளிருந்து தங்கவேலு சத்தம் போட்டார்.

“போவலீங்க” என்றாள் செல்வி, கையை எடுக்காமல். “நான்தான் எறக்குனேன்.”